மார்க் ஜாஸ்தி ஸ்கூலா, நடந்து போற ஸ்கூலா?

வணக்கங்க. பஸ்ல 40 நிமிஷம் போற ஸ்கூல்ல மார்க் ஜாஸ்தி, வீட்டுப் பக்கத்து அரசு ஸ்கூல்ல கம்மி, பையன ஒண்ணாங்கிளாஸுக்கு எதுல சேர்க்கறதுன்னு கேட்டிருந்தீங்க. என் பொண்ணுக்கு இதே குழப்பத்துல நானும் தூக்கம் கெட்டு அலைஞ்சிருக்கேன், அதான் உடனே எழுதறேன்.

மார்க் சராசரிய மட்டும் நம்பாதீங்க ப்ளீஸ், அதுல வீட்டு வசதி, அப்பா அம்மா படிப்பு எல்லாம் கலந்துதான் இருக்கும், டீச்சர் எவ்வளவு சொல்லிக்குடுத்தாங்கன்னு அது தனியா காட்டாது. க்ளாஸ்ல எத்தனை பசங்கன்னு கேளுங்க. அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல 1985ல ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆய்வுல 13-17 பேர் இருந்த க்ளாஸ் பசங்க, 22-25 பேர் இருந்த க்ளாஸ விட வாசிப்புலயும் கணக்குலயும் நல்லா பண்ணாங்க.

அப்புறம் நேர்ல போய்ப் பாருங்க, இதுதான் முக்கியம். நான் போனப்போ மார்க் ஜாஸ்தி ஸ்கூல்ல லைப்ரரி அலமாரி பூட்டியிருந்துச்சு, புக்கெல்லாம் பிரிக்காத மாதிரி புதுசா இருந்துச்சு. பக்கத்து ஸ்கூல்ல புக் ஓரமெல்லாம் கிழிஞ்சு டேப் ஒட்டியிருந்தாங்க, ஒரு குட்டிப் பையன் தரையில உக்காந்து விரல் வச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டிருந்தான், டீச்சர் அவசரப்படுத்தாம பக்கத்துலயே காத்துட்டு இருந்தாங்க. அங்கதான் சேர்த்தேன்.

டீச்சர்ஸ் வருஷா வருஷம் மாறறாங்களான்னும் விசாரிங்க. பையன் திக்கிப் பேசறான்னு சொன்னீங்களே, அதுக்கு யார் உதவுவாங்கன்னு ரெண்டு ஸ்கூல் ஹெச்எம் கிட்டயும் நேரா கேளுங்க, அவங்க பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சிடும்.