மைக்கு, டிவி, சினிமா: வாசகர் கேள்வி பதில்

ஓசூர் வாசகர்: அண்ணே, சிப்காட்ல ஒரு கம்பெனில வேலை பாக்கறேன். லீவு நாள்ல பெங்களூர் போயி, யாரு வேணா மேடை ஏறலாம்ங்கற ஓபன் மைக்ல, அஞ்சு நிமிஷம் ஸ்டாண்டப், அதாவது தனியா நின்னு காமெடி, பேசறேன், தமிழ்ங்கறதால பாதி பேரு சிரிக்கறான், பாதி பேரு போனை நோண்டறான். இப்ப ஒரு டிவி காமெடி ஷோ ஆடிஷனுக்கு கூப்ட்டிருக்காங்க. வேலைய விட்டுடலாமா? டிவில மூஞ்சி தெரிஞ்சா சினிமா தானா வந்துடுமா?

லீவு போட்டுட்டு ஆடிஷனுக்கு போங்க தம்பி, வேலைய மட்டும் விட்டுடாதீங்க. ஓபன் மைக்ல பெரும்பாலும் காசே கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும், பஸ் சார்ஜு, டீ செலவு எல்லாம் நம்ம பாக்கெட்டுதான். விவேக்கே தலைமைச் செயலகத்துல வேலை பாத்துக்கிட்டேதான் மெட்ராஸ் ஹ்யூமர் கிளப்ல பேசிட்டிருந்தாரு, 1987ல பாலசந்தர் படத்துல தலைகாட்டினது அதுக்கப்புறம்.

காமெடி கிளப்புல ஒரே அஞ்சு நிமிஷத்த வருஷம் பூரா பேசலாம், ஆளுங்க மாறிட்டே இருப்பாங்க, எங்க சிரிச்சாங்க எங்க கம்முனு இருந்தாங்கன்னு பாத்து ஒரு வார்த்தைய தூக்கி, ஒரு இடத்துல ரெண்டு செகண்டு சும்மா நின்னு, அப்படித்தான் ஜோக்கு பழுக்கும். டிவில அந்த அஞ்சு நிமிஷம் ஒருவாட்டி ஓடுச்சுன்னா தீந்துது, அடுத்த வாரம் காரிமங்கலத்துல திருவிழா மேடையில அதையே எடுத்து விட்டா முன்னாடி பாய்ல உக்காந்திருக்கற பொடிப்பய நமக்கு முந்தி பஞ்ச்ச சொல்லிடுவான். வாராவாரம் புது சரக்கு கேப்பாங்க, கல்லு வெச்சு பழுக்க வெச்ச மாங்கா மாதிரிதான் இருக்கும் அதெல்லாம். ஆனா டிவி வேணாம்னு சொல்லமாட்டேன், 'டிவி புகழ்'னு நோட்டீஸ்ல போட்டாத்தான் கோயில் கமிட்டியும் காலேஜும் வெளிநாட்டு தமிழ்ச்சங்கமும் கூப்பிடும், நம்மூரு காமெடி ஆளுங்களுக்கு அடுப்பு எரியறது அந்த மேடைங்களாலதான். அதனால அரை மணி நேர சரக்காவது கைல வெச்சுக்கிட்டு போங்க, எல்லாத்தையும் மொத ரெண்டு ரவுண்டுல கொட்டிடாதீங்க.

சினிமா தானாவெல்லாம் வராதுங்க. ஷூட்டிங்ல நீங்க பஞ்ச் அடிச்சா ஒருத்தரும் சிரிக்கக்கூடாது, சிரிச்சா டேக் போச்சு, ஆடியன்ஸ் சத்தத்த வெச்சே டைமிங் பழகுனவனுக்கு அங்க கையும் ஓடாது காலும் ஓடாது. எதிர்ல இருக்கறவரு டயலாக்க வாங்கி திருப்பிக் குடுக்கத் தெரியணும். சந்தானம் லொள்ளு சபால கூட்டமா நடிச்சே அத பழகிட்டுத்தான் 2004ல மன்மதன் பண்ணாரு. சிவகார்த்திகேயன் கலக்கப்போவது யாருல மிமிக்ரி பண்ணி, அப்புறம் ஆங்கரிங் பண்ணி, 2012லதான் மெரினால ஹீரோ.

ரிவர்ஸ் கியர் போட்ட ஆளும் உண்டு. அமெரிக்காவுல ஜெர்ரி சைன்ஃபெல்டுன்னு ஒரு ஸ்டாண்டப் காமெடியன், 1976ல நியூயார்க் கிளப்புல ஆரம்பிச்சாரு, ஒரு சீரியல்ல சின்ன ரோல் கிடைச்சு கொஞ்ச எபிசோடுலயே தூக்கிட்டாங்க, 1981ல ஜானி கார்சனோட டிவி ஷோல பேசி பேரு வாங்கி, 1989லருந்து 1998 வரைக்கும் தன் பேர்லயே ஒரு டிவி காமெடி சீரியல் 180 எபிசோடு ஓட்டினாரு. அது முடிஞ்சதும் பழைய ஜோக்க எல்லாம் ஓரங்கட்டிட்டு மறுபடி சின்ன கிளப்புக்கே போயி புது செட்டு, அதாவது மேடையில பேசற சரக்கு, எழுதினாரு. மேடையில நடுவுல மறந்து போயி அவரு முழிக்கறது 2002ல வந்த டாக்குமெண்டரில அப்படியே இருக்கு, கிடைச்சா பாருங்க, உங்க கவலையெல்லாம் பாதி போயிடும்.

அப்புறம், தமிழ் புரியலன்னு வருத்தப்படறீங்களே, ஓசூர்க்காரருக்கு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் வாயில வருமே, அதுவே செட்டு இல்லையா?

பென்னாகரம் வாசகர்: கூத்துல கட்டியங்காரன் பண்றதும் ஸ்டாண்டப்தானே?

கிட்டத்தட்ட. ராஜா வேஷம் வர்றதுக்கு முன்னாடி வந்து கூட்டத்த கையில எடுக்கறது, ராஜாவையே கலாய்க்கறது, பாரதக் கதைக்கு நடுவுல நேத்து ஊர்ல நடந்தத நுழைக்கறது, எல்லாம் அவருக்கு கைவந்த கலை. ஒரு சவுகரியம், அவரு டல்லானா மத்தளமும் மத்த வேஷமும் காப்பாத்தும், ஸ்டாண்டப்ல தனி ஆளு. மேல கேட்ட ஓசூர் தம்பி, உங்களுக்கும்தான் சொல்றேன், திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடந்தா ஒரு ராத்திரி விடிய விடிய உக்காந்து அவர மட்டும் பாருங்க.

பாலக்கோடு வாசகி: என் பையனுக்கு மிமிக்ரி வராது, ஆனா காமெடியா பேசுவான். தேறுவானா?

தாராளமா தேறுவான்மா. ஸ்டாண்டப் காமெடியன் அலெக்சாண்டர் பாபு சாஃப்ட்வேர் வேலைலருந்து வந்தவரு, பாட்டும் கதையுமா கலந்து பேசியே 2019ல அமேசான் பிரைம் வரைக்கும் போனாரு. மொதல்ல சொந்தக்காரங்க முன்னாடி பேச வைக்கறத நிறுத்துங்க, அவங்க எதுக்கும் சிரிப்பாங்க, தெரியாதவங்க முன்னாடி நிக்கட்டும்.