ஆர்டி-பிசிஆர் சோதனையை வைத்தே கொரோனாவின் புதிய வகையைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். சில பிசிஆர் கிட்டுகள் வைரஸின் மூன்று மரபணுப் பகுதிகளைத் தேடும்: ஓஆர்எஃப்1ஏபி, என், எஸ். எஸ் என்பது வைரஸின் மேற்பரப்பில் முள்போல நிற்கும் ஸ்பைக் புரதத்துக்கான மரபணு. ஆல்ஃபா வகையின் ஸ்பைக் புரதத்தில் 69, 70-ஆம் அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்தன. அதனால் மற்ற இரண்டும் பாசிட்டிவ் காட்டும், எஸ் மட்டும் வராது. 2020 கடைசியில் பிரிட்டனில் ஆல்ஃபா பரவுவதை இப்படித்தான் பின்தொடர்ந்தார்கள். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஒமிக்ரானுக்கும் இதே தடயம் உதவியது. தனிச் செலவில்லாமல், அன்றாடச் சோதனையிலேயே கிடைத்த தகவல் இது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. அப்புறம் வந்த பிஏ.2 என்ற ஒமிக்ரான் உட்பிரிவில் பெரும்பாலும் அந்த விடுபடல் இல்லை, எஸ் வழக்கம்போல வந்துவிட்டது. வைரஸ் குறைவாக உள்ள மாதிரியிலும் எஸ் தவறிப்போகலாம். அதனால் சிடி மதிப்பையும் (வைரஸ் தென்பட எத்தனை பிசிஆர் சுற்றுகள் ஆயின என்ற எண்; அது கூடினால் வைரஸ் குறைவு) சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முழு மரபணு வரிசைப்படுத்தல்தான் வேண்டும்.