300 வெள்ளியில் கிறிஸ்துமஸ்: சுங்கை சிப்புட் சகோதரிக்கு

சகோதரி, மழையில் செம்பனை வெட்டு குறைந்து, கையில் 300 வெள்ளிதான் (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது, மூன்று பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதா பலகாரம் செய்வதா என்று கேட்டிருந்தீர்கள். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். உங்கள் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

முதலில் துணி. பெரியவர்களுக்கு இந்த வருடம் வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும், தீபாவளிக்கு விற்காமல் தங்கிய துணிகளை ஈப்போ லிட்டில் இந்தியாவிலோ பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலோ பாருங்கள். விலை கேட்டுக் குறைக்கத் தயங்காதீர்கள். 120 வெள்ளிக்கு மேல் போக வேண்டாம்.

பலகாரத்தைத் தனியாகச் செய்யாதீர்கள், அதில்தான் காசு கரையும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவு ஒருவர், எண்ணெய் ஒருவர், முட்டையும் தேங்காய்ப்பாலும் ஒருவர். ஒரே அடுப்பில் அச்சு முறுக்கு சுட்டுப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 30, 40 வெள்ளியில் முடியும். அம்மா அப்படித்தான் செய்வார். சுடும் வாசனைக்கே பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவோம்.

கேக் ஒன்று போதும். நட்சத்திரத்தை மூங்கில் குச்சியிலும் கலர்த் தாளிலும் பிள்ளைகளே கட்டட்டும். கரோல் குழு வந்தால் தேநீரும் முறுக்கும் கொடுங்கள், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

அப்புறம், பள்ளி உதவித்தொகை 150 வெள்ளி வந்தால் அதைத் தொடாதீர்கள். சப்பாத்தும் சீருடையும் வாங்க வேண்டுமே. கடன் மட்டும் வாங்கவே வேண்டாம், சகோதரி.