தனித்து நின்றால் புரியாத புரதம்

கேள்வி: ஃப்ராடாக்ஸின் என்ற மனிதப் புரதத்தின் வடிவம் 2000ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது என்று படித்தேன். அப்படியிருந்தும் அதன் வேலையைப் பற்றிய விவாதம் ஏன் அவ்வளவு காலம் நீடித்தது?

பதில்: தெரிந்தது தனியாக இருந்த ஃப்ராடாக்ஸினின் வடிவம். ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்னும் பரம்பரை நரம்பு நோய்க்கு இந்தப் புரதத்தின் குறைவே காரணம் என்பது 1996இல் வெளிப்பட்டதால், அதன் அமைப்பை அறியப் பல குழுக்கள் முயன்றன. 2000இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் வழியாகவும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு வழியாகவும் விடை கிடைத்தது. வினை நிகழ்வதற்கான குழி எதுவும் அதில் தென்படவில்லை. ஒரு பக்கத்தில் எதிர்மின் அமினோ அமிலங்கள் திரண்டிருந்தன. ஃப்ராடாக்ஸின் இல்லாத ஈஸ்ட் செல்களின் மைட்டோகாண்டிரியாவில் இரும்பு தேங்குவதும் தெரிந்திருந்ததால், இது இரும்பைச் சேமிக்கும் அல்லது சுமந்து செல்லும் புரதம் என்ற கருத்து வலுப்பெற்றது. அன்றைய சான்றுகளுக்கு அது நியாயமான ஊகம்தான்.

ஆனால் ஃப்ராடாக்ஸின் பங்கேற்பது இரும்பு-கந்தகக் கொத்தை, அதாவது இரும்பு, கந்தக அணுக்கள் சேர்ந்த சிறு தொகுதியைக் கட்டும் பணியில்; அது ஒரு கூட்டு வேலை. என்.எஃப்.எஸ்.1 என்ற நொதி சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்க, ஐ.எஸ்.சி.யூ. என்ற புரதத்தின் மேல் கொத்து உருவாகிறது. நொதி நிலைகுலையாமல் காப்பது ஐ.எஸ்.டி.11. இவற்றை ஈ.கோலி பாக்டீரியாவில் தயாரித்தபோது, யாரும் அழைக்காத விருந்தாளியாக கொழுப்பு அமிலச் சங்கிலியைச் சுமக்கும், அந்தப் பாக்டீரியாவின் ஏ.சி.பி. புரதமும் ஒட்டிக்கொண்டு வந்தது. முதலில் மாசு என்றே தோன்றக்கூடிய இது, தன் கொழுப்பு அமிலச் சங்கிலியை ஐ.எஸ்.டி.11இன் உட்புறத்தில் செருகி அமர்ந்திருந்ததைப் படிகங்கள் காட்டின. நம் மைட்டோகாண்டிரியாவில் அதே இடத்தை நம்முடைய ஏ.சி.பி. வகிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2017இல் இரு குழுக்கள் வெளியிட்ட அமைப்புகளில் இரண்டு என்.எஃப்.எஸ்.1 மூலக்கூறுகள் இணைந்திருந்த விதமே முற்றிலும் வேறுபட்டிருந்தது. படிகமாக்கும்போது புரதங்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதும் முடிவைப் பாதிக்கலாம் என்பதால், இத்தகைய முரண்பாட்டைப் படிகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பது எளிதன்று.

2019இல் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி, படிகமே இல்லாமல், உறைய வைத்த கரைசலிலிருந்து 3.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் முழுக் கூட்டமைப்பையும் காட்டியது. ஐந்து புரதங்களில் ஒவ்வொன்றும் இரண்டு மூலக்கூறுகளாக இருந்தது. ஒவ்வொரு ஃப்ராடாக்ஸினும் இரண்டு என்.எஃப்.எஸ்.1உம் ஓர் ஐ.எஸ்.சி.யூ.வும் சந்திக்கும் இடுக்கில் பொருந்தி, நொதியின் வேகத்தைத் தடுக்கக்கூடிய துத்தநாக அயனியின் சூழலை மாற்றியிருந்தது. அதாவது, அங்கே அது இரும்பைச் சுமக்கும் கூலியாளாக அல்ல, கந்தகப் பணியை முடுக்கிவிடும் துணையாகவே தெரிகிறது. 2000இல் வினைக்குழியைத் தேடியவர்களுக்கு ஏமாற்றம் கிடைத்ததன் காரணமும் இதுதான்: அந்த இடுக்கு ஃப்ராடாக்ஸினுக்குள் இல்லை, அதன் கூட்டாளிகளுக்கு நடுவில் இருந்தது. சோதனைச்சாலையில் பிரித்தெடுக்கும் ஐ.எஸ்.சி.யூ. பெரும்பாலும் துத்தநாகத்துடனேயே கிடைப்பதால், உயிருள்ள செல்லிலும் அந்த அயனிக்கு இதே பங்கு உண்டு என்று சொல்ல நான் தயங்குவேன்.