கால் நிதானம்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்துக்காரி நான். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து ஆறு வருடம் ஆகிறது, இங்கே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறோம். மாமியாருக்கு 67 வயது, இருபது வருடமாகச் சுகர். கொஞ்ச நாளாக ஒரு மாதிரி நடக்கிறார். தரையையே பார்த்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவர் தெரியாமல் போய்க்கொண்டே இருப்பார். முகம் கழுவும்போது இரண்டு முறை பாத்ரூமில் விழுந்துவிட்டார். கண்ணில் ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் "அம்மாவுக்குக் கவனமே இல்லை" என்று கத்துகிறார். வயதானால் இப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். நரம்புக்கு டானிக் ஏதாவது கொடுக்கலாமா? முள் முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பு நல்லதா? அடுத்த திருவிழாவில் பூமிதிக்க வேண்டிக்கொண்டிருக்கிறார், தடுக்கலாமா? நீங்கள் டாக்டர் இல்லை என்று தெரியும். உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன்.

சரண்யா

அன்புள்ள சரண்யா,

அக்குபிரஷர் செருப்பு வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் குப்பையில் போடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அடியில் முள்ளை வைத்தால் நரம்பு விழித்துக்கொள்ளாது, புண்தான் வரும். புண் வந்திருப்பதும் அவருக்குத் தெரியாது. டானிக், பூமிதி இரண்டையும் அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம். முகம் கழுவும்போது விழுந்தார் என்கிறீர்கள். முகம் கழுவும்போது நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? கண்ணை மூடிக்கொள்கிறோம். என் அம்மாவும் முதல் முறை கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோதுதான் விழுந்தாள்.

அம்மா மேகசின் பேரக்ஸில் பிறந்தவள். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியர்களின் குடியிருப்பு அது, பெரும்பாலும் நம்மவர்கள். அறுபதுகளில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். வந்த கொஞ்ச நாளில் அம்மா ஒரு சட்டை ஃபேக்டரியில் சேர்ந்து, முப்பது வருடம் காலர் வைத்துத் தைத்தாள். பள்ளி விடுமுறையில் சாப்பாடு கொண்டுபோகும்போது கதவருகே நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்து மெஷின்காரியோடு பேசிக்கொண்டே தைப்பாள், கண் துணியில் இருக்காது. இரண்டு மடிப்பு போக வேண்டிய இடத்தில் மூன்றாவதாக ஒன்று சிக்கினால் விரல் அங்கேயே நின்றுவிடும். பெடலை எவ்வளவு அழுத்தினால் மெஷின் எவ்வளவு ஓடும் என்பது காலுக்குத் தெரியும். மூலை திரும்பும்போது முழங்காலால் ஒரு கம்பியைத் தள்ளித் துணியை விடுவிப்பாள். எப்படிம்மா பார்க்காமலே வருது என்று கேட்டால், "எல்லாம் நிதானம்தான்டா" என்பாள். குழம்புக்கு உப்பு அள்ளுவதும் அவளுக்குக் கை நிதானம், இருட்டில் மாடிப்படி இறங்குவதும் கால் நிதானம்.

2008 ஜனவரி. லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு எல்லோரையும் ஆட்டிப் படைத்த மாதம். அம்மா வேலையிலிருந்து நின்று பல வருடம் ஆகியிருந்தது, சுகர் வந்தும் பல வருடம். ராத்திரி படி இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. நாற்பது வருடம் ஏறி இறங்கிய படி. நான்கு படி உருண்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது காரில் சொன்னாள், "காலுக்கு நிதானம் தெரியலைடா." நான் சொன்னேன், "அப்ப நிதானமா நடக்க வேண்டியதுதானே."

அந்தப் பதிலை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. அவள் சொன்ன நிதானம் ஒரு புலன். நான் சொன்னது மெதுவாகப் போ என்கிற அறிவுரை. தன் நோய் என்ன என்று அவள் ஒரே வார்த்தையில் சரியாகச் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையையே எடுத்து அவளைத் திட்ட நான் பயன்படுத்திவிட்டேன்.

உங்கள் கணவரைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள், சரண்யா. தரையைப் பார்த்து நடக்கிறவருக்குக் கவனம் இல்லை என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்? வீட்டிலேயே மிக அதிகக் கவனத்தோடு நடப்பவர் உங்கள் மாமியார்தான். நீங்களும் நானும் பேசிக்கொண்டே, போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். அவர் ஒவ்வொரு அடியையும் கண்ணால் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. காலின் வேலையைக் கண் செய்துகொண்டிருக்கிறது. கண்ணை மூடினால் கால் காணாமல் போகிறது. வயதானால் இப்படித்தான் என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதே தப்புதான், கொஞ்சம் மரியாதையான தப்பு. தெருவில் எண்பது வயதுக்காரர் எத்தனை பேர் முகம் கழுவும்போது விழுகிறார்கள்?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போக வேண்டும்: கண், உள்காது, அப்புறம் கால். இரண்டு சரியாக இருந்தால் எப்படியோ சமாளிக்கலாம். கால் போய்க் கண்ணையும் மூடினால் உள்காது தனியாகத் தாங்காது. ஜெர்மனியில் ரோம்பெர்க் என்ற மருத்துவர் 1840களிலேயே இதை எழுதி வைத்தார். முதுகுத் தண்டுவடம் கெட்டுப்போன நோயாளிகளைக் காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். கண்ணைத் திறந்திருக்கும்வரை நின்றவர்கள் மூடச் சொன்னதும் ஆடினார்கள். இன்றும் நரம்பு டாக்டர்கள் அவர் பெயரில் அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள், பிடிக்க ஆள் வேண்டும்.

காலின் செய்தி எங்கிருந்து கிளம்புகிறது? தசைக்குள்ளே நூற்புக் கதிர் போல வடிவம் கொண்ட சின்னச் சின்ன உணர்விகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்பதை அவை சொல்கின்றன. தசையும் எலும்பும் சேரும் நாணில் இருப்பவை இழுவையைச் சொல்கின்றன. பாதத்தின் தோல் எந்தப் பக்கம் பாரம் விழுகிறது என்று சொல்கிறது. தசையிலிருந்து இந்தச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புகள் உடம்பிலேயே மிக வேகமானவற்றில் சேர்ந்தவை, நொடிக்கு 100 மீட்டர் அளவில் ஓடும். கட்டைவிரலை மேசைக்காலில் இடித்துக்கொண்டால் கொஞ்சம் பொறுத்து ஓர் எரிச்சல் வருகிறதே, அதைச் சுமக்கும் நரம்பு நொடிக்கு ஒரு மீட்டர்தான் போகும். எரிச்சல் மெதுவாக வரலாம். கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் அப்படி வந்தால் அதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். வந்த செய்தியை, செய்ய நினைத்த அசைவோடு ஒப்பிட்டுத் திருத்துவது சிறுமூளையின் வேலை. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அதற்குள் இருக்கின்றன. ஓர் அடி எடுத்து வைப்பதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நாம் அதைக் கவனம் என்ற ஒரு சொல்லில் அடக்கித் திட்டுகிறோம்.

இங்கே என் நெடுநாள் ஆற்றாமை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சுவரில் ஐம்புலன் படம் தொங்குகிறது: கண், காது, மூக்கு, நாக்கு, தோல். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிய மொழி நம்முடையது. ஆறாவது மனம் என்றார்கள், சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உன் மூக்கைத் தொடு என்றால் எந்தப் பிள்ளையும் தொட்டுவிடுகிறதே, கை எங்கே இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? படத்தில் அதற்கு இடமில்லை. இங்கிலாந்தின் ஷெரிங்டன் 1906இல்தான் அதற்கு ஓர் அறிவியல் பெயர் வைத்தார். அவருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் அதைத் தன்னிலை உணர்வு என்றெல்லாம் பெயர்க்கிறார்கள். எதற்கு? அடுப்படியிலும் தையல் மெஷினிலும் நம் பெண்கள் தினமும் சொல்லும் வார்த்தை இருக்கிறது. கை நிதானம், கால் நிதானம். படித்தவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் பாதி வீடுகளில் பாதித் திட்டு குறைந்திருக்கும். அடுத்த வாரம் அந்தப் படத்தின் கீழே நிதானம் என்று என் கையாலேயே எழுதப் போகிறேன்.

2021இல் இன்னொரு நோபல். தசையின் இழுப்பை நரம்பின் மின்துடிப்பாக மாற்றும் பியெசோ2 என்ற புரதத்தை அடையாளம் கண்டவர்களில் ஒருவரான ஆர்டெம் படாபூடியனுக்கு. தொடுவதற்கும் அதே புரதம்தான். பிறவியிலேயே அது வேலை செய்யாத சிலரைச் சோதித்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்தால் நடக்கிறார்கள், கண்ணைக் கட்டினால் தள்ளாடி விழப் போகிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுகர் முதலில் தாக்குவது மிக நீளமான நரம்புகளை. அதனால்தான் பாதத்தில் தொடங்குகிறது, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. ராத்திரியில் கால் எரிகிறது என்று அவர் சொன்னால், உணர்ச்சி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டுக்கொண்டிருக்கும் நரம்பு எரியவும் செய்யும், மரத்தும் போகும், இரண்டும் ஒரே காலில் நடக்கும். என் அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. அவளைப் பார்த்தவர்கள் எரிச்சல் இருக்கிறதல்லவா, நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இனி டானிக். கடையில் நரம்பு டானிக் வாங்காதீர்கள், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அவர் சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார் என்று நினைக்கிறேன். அதைப் பல வருடம் சாப்பிட்டால் உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம், சைவமாக இருந்தால் இன்னும் குறையும். பி12 குறைந்தால் முதுகுத் தண்டுவடத்தின் பின்பக்கம் கெடுகிறது. கால் நிதானம் மூளைக்குப் போகும் பாதையே அதுதான். பழியெல்லாம் சுகர் மேல் விழும், இது பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். நேரத்தில் பிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம், விட்டால் திரும்பாது. இதற்காகவாவது இந்த வாரமே போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், இசைக்கவையை அதிரவிட்டு எலும்பில் வைப்பார்கள், கண்ணை மூடச் சொல்லிக் கட்டைவிரல் மேலே போகிறதா கீழே போகிறதா என்று கேட்பார்கள். இந்த மூன்றும் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள். பாதத்தைத் தினமும் நீங்களே பாருங்கள், விரலிடுக்கு உட்பட. குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்க விடாதீர்கள்.

படி விளிம்புகளில் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, முகம் கழுவ ஒரு ஸ்டூல். கரண்ட் போனால் தானாக எரியும் சார்ஜ் விளக்கு. அவர் சுவரை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தால் தொடட்டும். ஒரு விரல்நுனி 100 கிராம் எடைகூட அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே உடம்பின் ஆட்டம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அம்மாவும் தொட்டுக்கொண்டு நடந்தாள், காலரைத் தடவிய அதே விரலால். பெயிண்ட் அழுக்காகிறது என்று அதற்கும் நாங்கள் ஏதோ சொன்னோம்.

பூமிதி. தடுங்கள். பக்தியில் குறையில்லை, பாதத்தில் குறை. விறகுக் கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்ச நேரமே படும், அதனால் நடப்பவர்கள் நடந்துவிடுகிறார்கள். உங்கள் மாமியார் தடுமாறினால் கால் ஓரிடத்தில் நின்றுவிடும். விரலிடுக்கில் ஒரு கங்கு ஒட்டினால் உதறமாட்டார், தெரியாது. சுகர் காலில் அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கத்தித் தடுக்காதீர்கள். என் அம்மா பதினோரு வருடம் மிதித்தவள். நிறுத்தச் சொன்னபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் பூசாரி ஐயாவே ஒரு வழி சொன்னார். குழிக்கு அந்தப் பக்கம், பால்குழியைத் தாண்டி ஒரு நாற்காலி போட்டார்கள். மிதித்து வருகிறவர்களின் காலுக்கு அம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். கனமான குடம், ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு, ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

உங்கள் கோயிலில் கேட்டுப் பாருங்கள். பி12 எண் என்ன வந்தது என்று எழுதுங்கள்.