அரசின் சைபர் பாதுகாப்புப் பயிற்சியை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். சைபர் பாதுகாப்புக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் தேவை என்று சொல்லி, அரசு இலவசப் பயிற்சிகளை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் தொடக்கநிலை வேலைக்கான விளம்பரங்களே மூன்று ஆண்டு அனுபவம் கேட்கின்றன. பயிற்சியை நம்பி இந்த வேலையை விடலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு விடாதீர்கள். பயிற்சியில் சேருங்கள், ஆனால் எந்தப் பயிற்சி என்பதைப் பார்த்துச் சேருங்கள்.

நீங்கள் கண்ட முரண்பாடு உண்மையானது. சைபர் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஎஸ்சி2 2023-இல் வெளியிட்ட ஆய்வு, உலகம் முழுவதும் இத்துறையில் ஏறத்தாழ 55 லட்சம் பேர் பணியாற்றுவதாகவும் இன்னும் 40 லட்சம் பேர் தேவைப்படுவதாகவும் மதிப்பிட்டது. அந்தத் தேவை முழுவதும் சம்பளம் ஒதுக்கப்பட்டு, ஆளுக்காகக் காத்திருக்கும் பணியிடங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நிறுவனங்கள் தங்களைக் காத்துக்கொள்ள எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்ற மதிப்பீடும் அதில் அடங்கியிருக்கிறது.

அரசுகளும் பெரிய எண்களையே இலக்காக வைக்கின்றன. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை, ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம் வல்லுநர்களை உருவாக்க வேண்டும் என்றது. நோக்கம் நல்லதே. ஆனால் சான்றிதழ் வாங்கியவர்களை எண்ணுவது எளிது. அவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்து ஒரு கண்காணிப்பு மையத்தில் அமர்ந்து, வந்து குவியும் எச்சரிக்கைகளில் எது உண்மையான ஊடுருவல் என்று பிரித்தறிகிறார்கள் என்பதை எண்ணுவது கடினம். அந்த இரண்டாவது எண்ணைக் கேட்காத திட்டங்களில் இளைஞர்களின் காலம் வீணாவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வேலையோடு பயிற்சியைப் பிணைத்த முறைக்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் சைபர்கார்ப்ஸ் உதவித்தொகைத் திட்டத்தில் மாணவரின் படிப்புச் செலவை அரசு ஏற்கிறது. உதவித்தொகை பெற்ற காலத்துக்கு ஈடான காலம் அவர் அரசுத் துறையில் பணியாற்ற வேண்டும், தவறினால் அந்தத் தொகை கடனாக மாறிவிடும். நிபந்தனை கடுமையானதுதான், ஆயினும் விளம்பரங்கள் கேட்கும் அந்த முதல் அனுபவத்தை இத்தகைய முறையே தருகிறது என்பதால், அரசு செய்யக்கூடியவற்றில் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

எனவே சேருமுன், பயிற்சியின் முடிவில் ஏதாவதொரு நிறுவனத்தில் பயிற்சிப் பணி உண்டா, முந்தைய அணியினர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், ஆய்வகப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். எந்தப் பணிக்கு ஆயத்தப்படுத்துகிறார்கள் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பாதுகாப்பு முகமை 2022-இல் வெளியிட்ட திறன் சட்டகம் இத்துறையை 12 பணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அறிவையும் திறனையும் வரையறுத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டால், எல்லாவற்றையும் கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்பு எதையும் முழுமையாகக் கற்றுத்தராது என்பது புலப்படும்.

உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அதை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஃபயர்வால் எனும் நெட்வொர்க் தடுப்பரணின் விதிகளைச் சீரமைப்பது, யாருக்கு எந்தக் கோப்பில் அனுமதி என்று பார்ப்பது, சர்வர் பதிவுகளைப் படிப்பது, விடுபட்ட மென்பொருள் புதுப்பிப்புகளை நிறுவுவது எல்லாம் பாதுகாப்புப் பணிகளே. மேலாளரிடம் அனுமதி பெற்று இவற்றை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, என்ன செய்தீர்கள், என்ன மாறியது என்று தேதியோடு குறித்துவையுங்கள். அலுவலக ரகசியம் எதுவும் அந்தக் குறிப்பில் இடம்பெறக் கூடாது. மாலை நேரத்திலோ இணையவழியிலோ நடக்கும் அரசுப் பயிற்சி கிடைத்தால், இரண்டும் சேர்ந்து உங்கள் விண்ணப்பத்துக்கு வலுவூட்டும்.

உதவித்தொகையுடன் கூடிய முழுநேரப் பயிற்சி கிடைத்தால் மட்டும் வேலையை விடுவது பற்றி யோசியுங்கள். அப்போதும் கையெழுத்திடுமுன், எத்தனை ஆண்டு பணி செய்ய வேண்டும், இடம் ஒதுக்குவது யார், அரசே பணியிடம் தரத் தவறினால் தொகையைத் திருப்பிக் கேட்பார்களா என்ற மூன்றுக்கும் எழுத்துவழிப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.