கை கிளட்ச் லேசாக விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள்
பட்டறை கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செயின் வண்டியை, அதாவது சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் டோசரைப் பற்றித்தான். ஜேசிபியும் எக்ஸ்கவேட்டரும் வந்த பிறகு பழைய டோசர்களை எல்லாரும் இரும்புக் கடைக்கு எடை போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை போலிருக்கிறது. சந்தோஷம்.

கேள்வி: ஐயா, தென்னந்தோப்பில் மட்டம் தட்ட ஏலத்தில் ஒரு பழைய கேட்டர்பில்லர் டி4 எடுத்தேன். வரிசை எண் 7யூ என்று ஆரம்பிக்கிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஆனால் பிளேடு நிறைய மண் தள்ளும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர்வதில்லை, கருகிய வாடை வருகிறது. கிளட்ச் லீவரோ ஒரு விரலால் இழுத்தால்கூட விழுகிறது. எங்கள் ஊர் மெக்கானிக் கிளட்ச் ராடைத் திருகி பிளே (லீவரின் வெறும் அசைவு) கூட்டி வைத்தார். அதற்கப்புறம் கியர் போடும்போது கரகரவென்று சத்தம், மூன்றாம் கியர் தானாகக் கழன்றும் விழுகிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார். பிரிக்கலாமா? (பொள்ளாச்சி பக்கத்து வாசகர்)

பதில்: இப்போதைக்கு கியர்பாக்ஸில் கை வைக்காதீர்கள். மெக்கானிக்கையும் திட்ட வேண்டாம், அவர் செய்தது சக்கர டிராக்டருக்குச் சரியான வேலைதான். அங்கே கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் சதா அழுத்திக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்தால்தான் விடும். பிளேட்டின் மேல் உள்ள உராய்வுப் பூச்சான லைனிங் தேயத் தேய பெடலில் பிளே குறையும், ராடைத் திருகி அதை மீட்டுக் கொடுத்தால் கிளட்ச் மறுபடி ஒழுங்காகப் பிடிக்கும்.

உங்கள் டி4 கிளட்சில் அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங் இல்லை. லீவரைப் பின்னால் இழுக்கும்போது உள்ளே ஒரு காலர் நகர்ந்து, அதோடு சேர்ந்த சின்னச் சின்ன இணைப்புத் துண்டுகளை நிமிர்த்தி, நேர்கோட்டைக் கொஞ்சம் தாண்டி அந்தப் பக்கம் உட்கார வைக்கிறது. டிபன் கேரியரின் பக்கவாட்டுக் கொக்கியை அமுக்கும்போது ஒரு இடம் வரை எதிர்த்துவிட்டு அப்புறம் பட்டென்று போய் உட்காருமே, அதே வேலைதான். உட்கார்ந்த பிறகு யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அதுவாகவே இறுகி நிற்கும்.

அதனால் இந்த வண்டியில் கிளட்ச் எப்படி இருக்கிறது என்று சொல்வது பிளே இல்லை, லீவரின் கனம். லைனிங் தேய்ந்தால் எதிர்ப்பு குறையும், லீவர் லேசாகிக்கொண்டே போகும், கடைசியில் அந்த 'டக்' காணாமலே போய்விடும். வண்டி ஓட்டுகிறவருக்கு இது சுகமாகத்தான் இருக்கும், அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு விரலில் விழுகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி போதும், பிளேட்டுகள் சரியாக இறுகவே இல்லை. வெளியே ராடை எவ்வளவு திருகினாலும் இந்த இறுக்கம் ஒரு துளி கூடாது, ஏனென்றால் ராடுக்கு லீவரின் நிலையை மாற்றத்தான் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். இதில் வரிசை முக்கியம்: முதலில் பின்கள், இரண்டாவது கிளட்ச், மூன்றாவது வெளி லிங்கேஜ் (லீவரை கிளட்சோடு இணைக்கும் ராடுகள்), கடைசியில் கியர் பூட்டு. இதை மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரி பண்ண இன்னொன்று கெடும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

சமதளத்தில் நிறுத்துங்கள், பிளேடைத் தரையில் இறக்குங்கள், செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜினை நிறுத்தி, டீசல் இன்ஜினைக் கிளப்புகிற சின்னப் பெட்ரோல் இன்ஜினின் பெட்ரோலையும் மூடி, அதன் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கை இருக்கும்போது யாராவது வந்து 'சும்மா ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாம்' என்பார், நம் ஊரில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார்.

லீவரிலிருந்து கிளட்ச் வரைக்கும் உள்ள ஒவ்வொரு யோக் பின்னையும் (ராடுகளை மூட்டில் கோக்கும் பின்) கையால் ஆட்டிப் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் ஓட்டைகள் வட்டமாக இருக்காது, முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். பின்னைக் கழற்றினால் நடுவில் பள்ளம் விழுந்து பளபளவென்று மின்னும். மூட்டுக்கு மூட்டு கொஞ்சம் ஆட்டம் என்றால், லீவர் அசைவதில் கணிசமான பங்கு கிளட்சுக்குப் போய்ச் சேராமலே வீணாகிறது. லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கி புஷ் போட்டு, புது பின் மாட்டுங்கள். ஆணியை வளைத்து மாட்டி, காட்டர் பின்னுக்குப் பதில் கம்பி சுற்றியிருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது கிளட்ச். ஃபுளோர் பிளேட்டைத் தூக்கினால் கிளட்ச் ஹவுசிங்கின் மேல் ஒரு மூடி இருக்கும். கழற்றுவதற்கு முன்னால் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டித் துடைத்துவிடுங்கள், ஒரு சின்னக் கல் உள்ளே விழுந்தால் அப்புறம் அதைத் தேடுவதே தனி வேலை. கம்ப்ரெஷனை விடுவித்துவிட்டு ஃபிளைவீலைக் கடப்பாரையால் மெல்ல நகர்த்தினால், சரிசெய்யும் வளையமும் அதன் பூட்டும் மூடிக்கு நேரே வரும். லீவர் முன்னால், அதாவது கிளட்ச் விடுபட்ட நிலையில் இருக்கட்டும், இறுகிய நிலையில் வளையம் திரும்பாது. பூட்டை விடுவித்து வளையத்தை ஒரு காடி மட்டும் நகர்த்தி, பூட்டைப் போட்டு, லீவரை இழுத்துப் பாருங்கள். கனம் கூடினால் சரியான பக்கம், குறைந்தால் எதிர்ப்பக்கம் திருகியிருக்கிறீர்கள். திரும்பவும் ஒரு காடி. லீவர் நன்றாக எதிர்த்து, திடமான 'டக்'கோடு உட்காரும் இடம் வரும்வரை இப்படியே போங்கள்.

அதற்கு மேல் போகாதீர்கள். இரண்டு கையாலும் தொங்கினால்தான் உட்காருகிறது என்றால் அது கூடுதல் இறுக்கம். இணைப்புத் துண்டுகளும் பின்களும் வளையும், அரைகுறையாக உட்கார்ந்தால் காலர் பேரிங் முழு பாரத்தையும் வாங்கிக்கொண்டு சூடேறி நாசமாகும். உட்கார்ந்த பிறகு லீவரின் நுனியை லேசாக ஆட்டினால் கொஞ்சம் வெறும் அசைவு இருக்க வேண்டும். இருந்தால் காலரின் மேல் பாரம் இல்லை என்று அர்த்தம். வளையத்தை முழுக்கத் திருகியும் கனம் வரவில்லையா? லைனிங் முடிந்துவிட்டது, பிளேட்டை வெளியே எடுத்தாக வேண்டும். கருகிய வாடை வந்ததாகச் சொன்னதால் மூடி திறந்திருக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு முகம் நீலம் பாய்ந்திருந்தால் நன்றாகவே வெந்திருக்கிறது.

இப்போது கரகர சத்தம். லீவரை முன்னால் தள்ளி, அதற்கும் மேல் கொஞ்சம் அழுத்தினால், கிளட்ச் பிரேக் என்ற சின்ன பிரேக் ஒன்று கியர்பாக்ஸுக்குள் போகிற ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும். இந்தக் காலத்துக் கார் கியர்பாக்ஸ் போல இதில் கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ எதுவும் கிடையாது, ஷாஃப்ட் நின்றால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். ராடை இஷ்டத்துக்குத் திருகியதில் லீவர் ஃபுளோர் பிளேட்டிலோ வேறெதிலோ முட்டி நின்றுவிடுகிறது, பிரேக் வரை போவதே இல்லை. ராடு நீளத்தை இரண்டு முனைக்கும் பொதுவாக வையுங்கள்: பின்னால் 'டக்' முழுதாக உட்கார வேண்டும், முன்னால் பிரேக் முழுதாகப் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கவில்லை என்றால் பின்களில் இன்னும் தேய்மானம் இருக்கிறது, அல்லது பிரேக்கின் லைனிங் போய்விட்டது.

கடைசியாக, தானாகக் கழலும் மூன்றாம் கியர். கிளட்ச் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் மூடிக்கு இன்னொரு மெல்லிய ராடு போகும், நிறைய பேர் அதைக் கவனிப்பதே இல்லை. கிளட்ச் பிடித்திருக்கும்போது கியர் நகராதபடி உள்ளே பூட்டி வைப்பதும், கிளட்ச் விடுபட்டால் மட்டும் பூட்டைத் திறப்பதும் இந்த ராடின் வேலை. மெயின் ராடை மாற்றிய கையோடு இதை மாற்றாமல் விட்டால் கணக்கு தப்பிவிடும். கிளட்ச் பிடித்த பிறகும் பூட்டு பாதியில் நிற்கும், பாரம் ஏறினால் கியர் நழுவும். அல்லது கிளட்ச் முழுதாக விடுவதற்குள் பூட்டு திறந்துகொள்ளும், அவசரக்காரர் கியரைத் தள்ளி பல்லை உரசுவார். சோதிப்பது சுலபம்: இன்ஜின் நின்ற நிலையில் ஒவ்வொரு கியராகப் போட்டு, கிளட்சை உட்கார வைத்துவிட்டு கியர் லீவரைப் பிடுங்கிப் பாருங்கள், அசையவே கூடாது. கிளட்சை முழுக்க முன்னால் தள்ளியதும் தடையில்லாமல் வரவேண்டும். இந்த இரண்டும் கிடைக்கும் நீளத்தில் ராடை நிறுத்தி, லாக் நட்டை இறுக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மூன்றாம் கியர் மட்டும் கழன்றால் ஷிஃப்ட் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், கியர் பல்லின் முனை கூம்பியிருக்கலாம். அப்போது பிரியுங்கள்.

முடித்ததும் ஒரு சோதனை. முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் இரண்டு பிரேக்கையும் மிதித்துப் பூட்டி, உயர்ந்த கியரில் பாதி திராட்டிலில் கிளட்சை இழுங்கள். இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது, ஓரிரு விநாடிக்கு மேல் வைக்காமல் உடனே விடுங்கள். புது லைனிங் போட்டால் ஆரம்பத்தில் சீக்கிரமே இளகும், முதல் சில நாள் தினமும் லீவரின் கனத்தைப் பாருங்கள்.

கேள்வி: கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் சொட்டுகிறது. பிளேட்டில் பட்டு வழுக்குகிறது. பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் போதும் என்று டிரைவர் சொல்கிறார். (கோத்தகிரி வாசகர்)

பதில்: மூடிய ஹவுசிங்கில் பெட்ரோல் ஊற்றி, மேலே உரசுகிற இரும்பு! டிரைவரைக் கொஞ்ச நாள் தீப்பெட்டி இல்லாமல் வைத்திருங்கள். உலர் கிளட்சில் எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவி மீட்பது பெரும்பாலும் நான்கு நாள் கதைதான், சூடேறியதும் உள்ளே ஊறியது திரும்ப வெளியே வரும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கறுப்பாக மெல்லியதாக இருந்தால் இன்ஜின் பின்பக்க சீல். கெட்டியாக, கியர் ஆயிலின் அந்தக் காட்டமான வாடையோடு இருந்தால் கியர்பாக்ஸ் முன்பக்க சீல். இரண்டும் இல்லாமல் கிரீஸ் உருகி வழிகிறது என்றால் சீலில் குற்றமில்லை, காலர் பேரிங்குக்கு உங்கள் ஆள் பம்பை அளவில்லாமல் அடித்திருக்கிறார். சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: எங்களிடம் இருப்பது பெமல் டி80. நீங்கள் சொல்கிற கை கிளட்ச் கணக்கு இதற்கும் பொருந்துமா? (பெரம்பலூர் வாசகர்)

பதில்: அடிப்படை பொருந்தும், கை உணர்வு பொருந்தாது. 1964-இல் தொடங்கிய பெமல் கோலார் தங்கவயலில் செய்த இந்த டோசர்கள் ஜப்பான் கொமாட்சுவின் வடிவமைப்பு. டி80ஏ-12-இல் மெயின் கிளட்ச் எண்ணெயில் ஓடும் பல பிளேட் கிளட்ச், லீவருக்கு எண்ணெய் அழுத்தத்தின் உதவியும் உண்டு. இன்ஜின் ஓடும்போது லீவர் லேசாக இருப்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். கிளட்ச் எண்ணெயின் அளவு, வடிகட்டி இரண்டையும் முதலில் பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தாலும் வடிகட்டி அடைத்திருந்தாலும் லீவர் கனக்கும், சூடேறும், ஆட்கள் அதை 'டைட்' என்று நினைத்து வளையத்தை இளக்கிவிடுவார்கள். அங்கே ஆரம்பிக்கும் கிளட்சின் சாவு.

கேள்வி: சரிவில் இறங்கும்போது வலது லீவரை இழுத்தால் வண்டி இடது பக்கம் போகிறது. லிங்கேஜை மாற்றி மாட்டிவிட்டார்களா? (ஏற்காடு வாசகர்)

பதில்: மாற்றி எல்லாம் மாட்டவில்லை, ஸ்டியரிங் கிளட்ச் வண்டிகளின் குணமே அதுதான். மட்டத்தில் வலது லீவரை இழுத்தால் வலது செயினுக்குப் போகும் சக்தி அறுபடும், இடது செயின் தள்ளும், வண்டி வலது பக்கம் திரும்பும். சரிவில் வண்டியின் எடையே அதைக் கீழே தள்ளுகிறது, இன்ஜின் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அப்போது வலதை விட்டால் வலது செயின் தடையில்லாமல் ஓடும், இடது செயினை மட்டும் இன்ஜின் பிடித்திருக்கும், மூக்கு இடது பக்கம் போகும். இறக்கத்தில் லீவரோடு அதே பக்கத்து பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் நினைத்த பக்கம் போகும். எதிர் லீவரை இழுத்துத் திருப்புகிற பழைய ஆட்களும் இருக்கிறார்கள், புதியவர்கள் அதை மலைச்சரிவில் கற்றுக்கொள்ள வேண்டாம். கிளட்சை முழுக்க விட்டுவிட்டு நியூட்ரலில் இறங்குவது மட்டும் யாருக்கும் வேண்டாம்.

ஸ்டியரிங் லீவர்களில் பிளே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இவை ஸ்பிரிங் அழுத்தும் கிளட்சுகள், இங்கே சக்கர டிராக்டர் கணக்குதான். லைனிங் தேயத் தேய பிளே குறையும், பிளே இல்லாமல் போனால் வழுக்கும்.

கேள்வி: இந்தப் பெரிய செயின் டிராக்டர்கள் விவசாயத்துக்கு என்று நம் நாட்டுக்கு எப்போது வந்தன? (தஞ்சாவூர் மாணவர்)

பதில்: இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன வண்டிகளை வைத்து மத்திய டிராக்டர் நிறுவனம் மத்திய இந்தியாவில் நிலம் திருத்த ஆரம்பித்தது. அங்கே காஸ் என்று ஒரு நாணல் வகைப் புல், வேர் அவ்வளவு ஆழம், மாட்டு ஏருக்கு மசியாது. 1949-இல் உலக வங்கி கொடுத்த 1 கோடி டாலர் கடன் அந்த வேலைக்கான இயந்திரங்கள் வாங்கத்தான். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இன்றும் மணி வாடகைக்கு விவசாயிகளுக்குப் புல்டோசர் தருகிறது, உங்கள் ஊர் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு மெதுவாக நகர்த்தலாமா? சக்கர டிராக்டரில் அப்படித்தான் டிரெய்லர் மாட்டுவேன். (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கூடாது. முதல் கியர், குறைந்த திராட்டில், கிளட்சை முழுக்க உட்கார வைத்துவிட்டு ஸ்டியரிங் லீவர்களாலும் பிரேக்காலும் நிறுத்தி நகர்த்துங்கள்.